ஓரியின் அம்பும் ஒரே ஒப்பந்தமும்

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியைப் பற்றிக் கேள்விப்படாத தமிழர் இரார். அவன் எய்த அம்பு ஒன்று யானையை வீழ்த்தி, புலி, மான், காட்டுப்பன்றி ஆகியவற்றையும் ஊடுருவி, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்ததென்று புறநானூறு சொல்கிறது. அந்த வீரன் இன்றிருந்தால், கூகிள் கம்பெனியார் செய்துகொண்ட ஒப்பந்தத்தைக் கண்டு அவனே வியந்திருப்பான்!

கைப்பேசி செய்வோர் ஆண்ட்ராய்டு மென்பொருளைக் காசு கொடாமல் எடுத்துக்கொள்ளலாம். ஆனால், செயலிகள் கிடைக்கும் ‘பிளே ஸ்டோர்’ என்ற கடையும் வேண்டுமானால், கூகிளின் தேடுபொறி, குரோம், யூடியூப் முதலிய பரிவாரம் முழுவதையும் இந்தியாவில் 2023 தொடக்கம் வரை கூடவே ஏற்க வேண்டியிருந்தது. அம்பு ஒன்று, வீழ்ந்த போட்டியாளர் பலர்.

“இலவசமாகத்தானே கொடுக்கிறார்கள், நமக்கென்ன நஷ்டம்?” என்று நேயர்கள் கேட்கலாம். 1906-ல் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஆரம்பித்தபோது, ஆங்கிலேயக் கப்பல் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போயிற்று. இறுதியில் பிரயாணிகளை இலவசமாக ஏற்றிக் குடையும் கொடுத்ததாகச் சொல்வார்கள். குடையைக் கண்டு மகிழ்ந்தவர்கள், சுதேசிக் கப்பல் மறைந்த பிறகு கட்டணத்தை யார் நிர்ணயிப்பார் என்று யோசித்தார்களா?

கூகிளின் சேவையை நாம் குறைத்துச் சொல்லவில்லை. 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு அப்பால் மிளகும் காப்பியும் பயிரிடும் மலைவாசியின் கைக்கு மலிவான கைப்பேசி எட்டியதற்கு ஆண்ட்ராய்டும் ஒரு காரணம். ஆனால், மலைக்குப் பாதை போட்டவர் என்பதற்காக, மேலே எவன் கடை வைக்கலாம் என்றும் அவரே விதிக்கலாமா?

கூடாது என்றது இந்தியப் போட்டி ஆணையம். 2022 அக்டோபரில் ஆண்ட்ராய்டு விஷயமாக 1,337.76 கோடி ரூபாயும், பிளே ஸ்டோர் விஷயமாக 936.44 கோடி ரூபாயும் அபராதம் விதித்தது.

இந்நிலையில் பெரிய கம்பெனிக்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, வழக்காடுவது. கூகிள் அதைச் செய்தது. பலன் கலப்பாகவே இருந்தது. 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தடை தர மறுத்தது. அதே ஆண்டு மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் முதல் அபராதத்தை உறுதி செய்தாலும், ஆணையத்தின் கட்டளைகளில் நான்கை நீக்கிற்று. இரண்டாவது அபராதம் 2025 மார்ச்சில் 216.69 கோடியாகக் குறைந்தது.

இரண்டாவது வழி, சொல்லில் பணிந்து செயலில் நிமிர்வது. செயலிக்காரர்கள் வேறு வழியிலும் பணம் வசூலிக்கலாம் என்று கூகிள் இணங்கிற்று. ஆனால், 15 முதல் 30 சதவிகிதம் வரை இருந்த கமிஷனில் அதற்காகக் குறைந்தது நான்கே சதவிகிதம்! 2024 மார்ச்சில் கட்டணத் தகராறு முற்றி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பாரத் மேட்ரிமோனி உட்படப் பல செயலிகள் கடையிலிருந்தே அகற்றப்பட்டன. மத்திய சர்க்கார் தலையிட்ட பிறகுதான் திரும்பின. பூட்டைத் திறந்துவிட்டுக் கதவை இழுத்துப் பிடித்துக்கொள்வது என்பது இதுதான்.

மூன்றாவது, மனமாரத் திறந்துவிடுவது. 1969-ல் அமெரிக்க சர்க்கார் ஐ.பி.எம். கம்பெனி மீது வழக்குத் தொடுத்தது. அதே ஆண்டில் அக்கம்பெனி, யந்திரத்தோடு சேர்த்தே அளித்துவந்த மென்பொருளுக்குத் தனி விலை வைத்தது. மென்பொருள் தனித் தொழிலாகச் செழிக்க அது பெரிதும் உதவிற்று. ஐ.பி.எம். அதனால் அழிந்துவிடவில்லை, வழக்கையும் 1982-ல் சர்க்காரே வாபஸ் பெற்றது.

மூன்றாவது வழியே கம்பெனிக்கும் நல்லது, நமக்கும் நல்லது என்பது நம் அபிப்பிராயம். கமிஷனைச் செயலிக்காரர் தம் கையிலிருந்து கொடுப்பதாக எண்ண வேண்டாம். அதில் ஒரு பங்கு, மாதச் சந்தாவாக நம் வீட்டுக் கணக்கிலும் ஏறக்கூடும்.

ஓரி வில்லாளி மட்டும் அல்லன், கடையெழு வள்ளல்களில் ஒருவனுமாவான். அம்பு விடும் கலையைக் கற்ற கூகிளார், அவனுடைய மற்றக் குணத்தையும் கற்றுக்கொள்வார்களாக! கற்கும் வரையில், சட்டம் விழித்திருக்கட்டும்.