பழைய தறியும் புதிய தளையும்

புதுவையின் ஆலைச் சங்கு ஓய்ந்துவிட்டது. 1898-இல் தொடங்கிய ரோடியர் ஆலை, பின்னாளில் ஏ.எப்.டி. என்று பெயர் மாறி, 2020 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு மூடப்பட்டது. வேலை இழந்த ஆலைத் தொழிலாளியும், நடவும் அறுப்பும் இல்லாத மாதங்களில் கையைக் கட்டி நிற்கும் விவசாயத் தொழிலாளியும், "பழைய தறி ஒன்று வாங்கி வீட்டிலேயே நெய்தால் என்ன?" என்று கேட்பது இயற்கையே. திருவாண்டார்கோயில் பக்கம் இப்படி யோசிக்கும் தோழர்களுக்காக இதை எழுதுகிறோம்.

மரத்தைச் சோதியுங்கள்

விலை பேசுமுன் தறியின் சட்டங்களைச் செல் அரித்திருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். பாவு சுற்றும் உருளை கோணியிருந்தால் பாவு ஒரு பக்கம் இறுகும், மறு பக்கம் தொய்யும். அச்சில் ஒரு பல் வளைந்திருந்தாலும் துணி நெடுகக் கோடு விழும். கைலி நெய்த அச்சில் மெல்லிய நூல் சேலை நெய்ய முடியாது. குழித்தறி போடுவதானால், ஐப்பசி மழையில் குழியில் தண்ணீர் ஊறுமா என்று பாருங்கள். விற்பவர் பேச்சை மட்டும் நம்பாமல், சிறு பாவு ஏற்றி ஒரு கெஜம் நெய்து பாருங்கள். இழை அடிக்கடி அறாமல், கரை நேராக வந்தால் அது நல்ல தறி.

ஆனால் தோழர்களே, தறி நல்லதாயிருந்தால் போதுமா?

நூல் யார் கையில்?

கைத்தறிக்கு வேண்டியது சிட்டா நூல். நூற்பாலைகள் உள்நாட்டுக்கு விற்கும் நூலில் நூற்றுக்கு 40 பங்கு சிட்டாவாகத் தர வேண்டும் என்றிருந்ததை, மத்திய சர்க்கார் 2019-இல் 30 பங்காகக் குறைத்தது. 1985-ஆம் வருடச் சட்டப்படி கைத்தறிக்கென ஒதுக்கிய 22 ரகங்கள் பின்னர் 11 ஆகச் சுருங்கின. 2020-இல் அகில இந்தியக் கைத்தறி வாரியத்தையே கலைத்தார்கள்.

நூல் வாங்கப் பணமில்லாதவர் எங்கே போவார்? மாஸ்டர் வீவரிடம்தான். அவர் பாவும் ஊடையும் தருவார், முன்பணமும் தருவார். துணியை எடுத்துக்கொண்டு கூலி தருவார். முன்பணம் தீராது, தீரும்வரை வேறொருவருக்கு நெய்ய முடியாது. தறி பழுதானால் செலவு உங்களுடையது. மழையில் பாவு நனைந்தால் நஷ்டம் உங்களுடையது. லாபம் மட்டும் அவருடையது! ஆலை கட்டாமலே அவர் ஆலை முதலாளி ஆகிவிடுகிறார். 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் கைத்தறியை நம்பியிருப்போர் 35 லட்சம் பேர். நெசவுக் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மாத வருமானம் ஐயாயிரம் ரூபாய்கூட இல்லை.

எட்டு மணி நேரம் எங்கே?

1936 ஜூலை 30 அன்று புதுவை ஆலைத் தொழிலாளர் 12 பேர் பிரெஞ்சு ஏகாதிபத்தியத்தின் குண்டுக்குப் பலியானார்கள். தோழர் வ. சுப்பையா தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்தின் பலனாக 1937-இல் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. வீட்டுத் தறிக்கோ சங்கும் இல்லை, கடிகாரமும் இல்லை. விடியுமுன் மிதி ஓசை. நள்ளிரவிலும் மிதி ஓசை. தார் சுற்றும் மனைவிக்கும் மகளுக்கும் தனிக் கூலி கிடையாது. துப்பாக்கியால் பறிக்க முடியாத உரிமையை நாமே வீட்டுக்குள் தாரை வார்ப்பதா?

வழி என்ன?

தறி வாங்க வேண்டாம் என்பதல்ல நம் வாதம். தனியாக வாங்காதீர்கள் என்பதே. தறிக்காரர்கள் பலர் சேர்ந்தால் கூட்டுறவுச் சங்கம் கேட்கலாம், சங்கத்தில் நூல் கேட்கலாம், நெய்த துணியைச் சங்கத்திலேயே போடலாம். அந்தச் சங்கத்தில் வியாபாரிகள் பினாமி பெயரில் புகுந்துவிடாமல் காவல் இருக்க வேண்டியதும் நீங்களே. சிட்டா நூல் நியாய விலையில் வேண்டும்; கூலி உயர்வு வேண்டும்; தார் சுற்றும் பெண்ணுக்கும் கூலி வேண்டும். இவை தறிக்காரருக்கு மட்டுமான கோரிக்கைகள் அல்ல. ஆலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் கைகோத்து எழுப்ப வேண்டிய கோரிக்கைகள்.

ஒற்றை இழை அறும். பாவாய்ச் சேர்ந்தால் தாங்கும். ஒன்று சேருங்கள்!