கடலுக்கும் ஒரு போகக் கூட்டம் வேண்டும்

முத்தினாற் பெயர்பெற்ற கரை அரிப்பு. அருவியாறு கடலோடு கலக்கும் அவ்விடத்தில், பிரித்தானியத் தேசாதிபதி பிரெடரிக் நோர்த் முத்துக்குளிப்பைக் கண்காணிக்கக் கட்டுவித்த மாளிகையின் இடிபாடுகள், அலையால் அரிபட்டுக் கிடக்கின்றன. 1905ஆம் ஆண்டில் எட்டுக் கோடிச் சிப்பிகளை அள்ளிக் கொடுத்தது இக்கடல். அடுத்த ஆண்டே முத்துப்பார்கள் இருபது வருடக் குத்தகைக்கு ஓர் ஆங்கிலக் கம்பெனியின் கைக்குப் போயின. 1907க்குப் பின்னர் பார்கள் வறண்டன. இயற்கையின் மாறுதலும் அதற்குக் காரணமாகலாம். ஆயின், குத்தகை எழுதியபோது கரையில் வாழ்பவனின் சம்மதத்தை எவர் கேட்டார்? பின்னர் யப்பானியரின் வளர்ப்பு முத்து உலகச் சந்தைக்கு வந்தது. இயற்கை முத்தின் விலை சரிந்தது. கடலும் கைவிட்டது, சந்தையும் கைவிட்டது.

இன்று மன்னார்க் கடலின் முத்து நீலக்கால் நண்டு. நண்டு வலையில் அகப்படுவது கரையிலே நிறுக்கப்பட்டு, தொழிற்சாலையிலே பெண்களின் கைகளால் சதை பிரிக்கப்பட்டு, கலங்களில் அடைக்கப்பட்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறுகின்றது.

அமெரிக்கர் நமது நண்டை வாங்குவானேன்? அவர்களுடைய செசப்பீக் விரிகுடா நண்டுக்குப் பேர்போனது. அங்கே நண்டு குறைந்தது. ஆசியாவின் மலிவான நண்டிறைச்சி வந்து குவிந்தது. இறக்குமதியைக் கட்டுப்படுத்துமாறு அந்நாட்டு நண்டுத் தொழிலினர் 2000ஆம் ஆண்டில் சர்வதேச வர்த்தக ஆணைக்குழுவிடம் முறையிட்டனர். ஆணைக்குழு அதனை ஏற்கவில்லை. 2008இல் மேரிலாந்து, வேர்ஜினியா மாநிலங்கள் பெண் நண்டுப் பிடிப்பை 34 வீதத்தாற் குறைக்க முற்பட்டன. அவ்வாண்டிலேயே மத்திய அரசு அத்தொழில் வீழ்ச்சியுற்றதெனப் பிரகடனஞ் செய்தது. சந்தையை அடைக்க முயன்றவர் தோற்றனர். கடலைக் காக்கும் கட்டுப்பாடோ காலந்தாழ்த்தி வந்தது.

அவர்களின் வெற்றிடத்தை நமது நண்டு நிரப்புகின்றது. நமது கடல் வெறுமையானால், நமது இடத்தை வேறொரு நாட்டின் நண்டு நிரப்பும். வாங்குபவனுக்கு நட்டமில்லை. அரிப்பிலே வலை பின்னுகின்றவனுக்கு வேறு கடல் உண்டா?

முட்டை தாங்கிய ஒரு நண்டின் வயிற்றிலே பல இலட்சம் முட்டைகள் உள்ளன. அதனை நிறுத்து விற்பது விதைநெல்லைக் குற்றி உண்பதற்கு ஒப்பாகும். கமக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கட்டுக்கரைக் குளத்துக் கமக்காரர் ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் கூட்டங்கூடி, விதைக்கும் நாளையும் நீர் திறக்கும் நாளையும் தீர்மானிக்கின்றனர். அத்தீர்மானத்துக்கு நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின் வலு உண்டு. குளத்துக்கு உள்ள நியாயம் கடலுக்கு இல்லையா?

சட்டத்தில் வழியில்லாமலில்லை. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழிற் சட்டத்தின்படி, அமைச்சர் ஒரு பகுதியைக் கடற்றொழில் முகாமைத்துவப் பகுதியாகப் பிரகடனஞ் செய்யலாம். பதிவுபெற்ற தொழிலாளர் அங்கே தமக்கென ஒரு குழுவை அமைக்கலாம். முட்டை தாங்கிய சிங்கி இறாலைப் பிடித்தலாகாதென விதியும் உண்டு. இச்சட்டம் ஏட்டிலிருந்து கரைக்கு வருதல் வேண்டும்.

"ஏழையின் வலையைக் கட்டிவிட்டு இழுவைப் படகை அவிழ்த்துவிடுவதா?" என்று தொழிலாளர் கேட்பர். நியாயமான கேள்வி. இழுவைமடித் தொழில் 2017ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தாற் குற்றமாக்கப்பட்டது. எல்லை தாண்டி வரும் இந்திய இழுவைப் படகாயினும், உள்ளூர்ப் படகாயினும், அச்சட்டம் பேதமின்றிச் செயற்பட வேண்டும். அதனைச் செய்யாத அரசுக்குச் சிறுதொழிலாளனிடம் தியாகங் கேட்கும் உரிமையில்லை.

மேலும், தடை வலையோடு நின்றுவிடலாகாது; தராசையும் பிடிக்க வேண்டும். சினை நண்டையும் சிறு நண்டையும் வாங்குபவன் இருக்குமட்டும் பிடிப்பவனும் இருப்பான். அவற்றை வாங்கும் முதலாளியைக் குற்றவாளியாக்கினால், பிடிப்பவன் தானே கடலில் விட்டுவிடுவான்.

ஆகவே, மன்னார் மாவட்டக் கடற்றொழிற் சங்கங்கள் தாமே முன்வந்து கூட வேண்டும். எவ்வளவு சிறிய நண்டை விடுவது, எந்த மாதத்தில் எவ்விடத்தில் வலையை ஓய்வது என்பவற்றை அவர்களே தீர்மானிக்கட்டும். அத்தீர்மானத்துக்குச் சட்ட வலுவை அரசு வழங்கட்டும். முத்துக்குக் குத்தகை எழுதிய கை பிறருடையது. நண்டுக்கு விதி எழுதும் கை கரையில் வாழ்பவர்களின் கையாக இருக்கட்டும்!