வாயு என்னும் வசதியான சொல்

விடுதியில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும், அறைத் தோழர்கள் அனைவரும் அக்கணமே மருத்துவராகி விடுகின்றனர். "வாயுதானப்பா, ஒரு சோடா குடி!" என்று தீர்ப்பும் கூறி விடுகின்றனர். இங்குள்ளோர் அதனைக் 'கேஸ்' என்கின்றனர். நாம் வாயு என்கிறோம். சொல்தான் வேறு, துணிச்சல் ஒன்றே.

நண்பர்களே, நோய் இன்னதென்று கூறுவது நம் வேலையன்று. வலி எத்தகையது என்று கூறுவதே நம் வேலை. எப்பொழுது தொடங்கிற்று? படியேறும்போதா, படுத்திருக்கும்போதா? அழுத்துகிறதா, எரிகிறதா, குத்துகிறதா? கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுகிறதா? வியர்க்கிறதா, மூச்சு முட்டுகிறதா? இவற்றைச் சொன்னால் மருத்துவருக்கு வழி புலப்படும். வாயு என்றால் வந்த வழியும் அடைபடும். வயிற்றெரிச்சல் மருந்து குடித்ததும் வலி தணிந்தது என்பதும் சான்றாகாது; இதய வலியும் தானே தணிவதுண்டு.

நெஞ்சு வலியோடு வருபவருக்கு, அவசரப் பிரிவில் நுழைந்த 10 நிமிடத்திற்குள் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்பது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட நெறி. பதிவுச் சீட்டும் பணம் கட்டும் வரிசையும் அதற்குப் பின்னரே. மாரடைப்பின் தொடக்கத்தில் முதல் இ.சி.ஜி. ஒன்றும் காட்டாமலும் போகலாம். ஆதலின் வலி நீடித்தால் மீண்டும் எடுத்தல் வேண்டும். இதயத் தசை கெடும்போது இரத்தத்தில் கலக்கும் டிரோபோனின் என்னும் புரதத்தையும் இடைவெளிவிட்டு அளந்து பார்த்தல் வேண்டும்.

"இருபது வயதில் மாரடைப்பா?" என நகைப்பார் உளர். அரிதுதான், மறுக்கவில்லை. ஆனால் நெஞ்சுக்கூட்டில் இருப்பது இதயம் ஒன்றுதானா? ஒல்லியாய், உயரமாய் வளர்ந்த இளைஞருக்கு, அதிலும் புகைப்போருக்கு, நுரையீரலிலிருந்து திடீரெனக் காற்றுக் கசிவதுண்டு. ஒரு பக்கம் சுரீரென்று வலிக்கும், மூச்சு வாங்கும். அதுவும் ஒருவகை வாயுதான், சோடாவுக்கு அடங்காத வாயு! மேலும், விடுதியில் இருப்போர் நாம் மட்டுமல்லரே. நமக்குச் சோறிடும் சமையற்காரருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். நீரிழிவும் இருந்தால், வலியே இன்றி வெறும் மூச்சுத் திணறலாகவும் மாரடைப்பு வரக்கூடும்.

நம்மில் புதிதாய் வந்தவர்க்கு மற்றோர் இடரும் உண்டு. நெஞ்சு கரிக்கிறது, அடைக்கிறது, படபடக்கிறது, சுருக்கென்கிறது: நான்கும் வெவ்வேறு செய்திகள். இந்தி அறியாத மாணவனோ மார்பைத் தொட்டுக் காட்டி, 'தர்த்' என்ற ஒரே சொல்லில் நான்கையும் கொட்டி விடுகிறான். மருத்துவர்தாம் என் செய்வார்?

ஆண்டுதோறும் பொங்கல் விழாவுக்குக் குழு அமைக்கிறோம். நள்ளிரவிலும் உடன்வந்து மொழிபெயர்க்க இசையும் மூத்த மாணவர்களின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் ஒவ்வொரு விடுதியிலும் ஒட்டி வைப்பதற்கு எத்தனை நாள் ஆகும்? இரவிலும் இ.சி.ஜி. எடுக்க ஆள் இருக்கிறாரா என்று பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தை எழுத்து மூலம் கேட்போம். பட்டியலில் முதலாவதாக என் பெயரை எழுதிக்கொள்ளலாம்.