வெள்ளையாக்க வேண்டாம், வெளிச்சம் போதும்

கொருக்குப்பேட்டையில் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு தங்கை வங்கித் தேர்வு எழுதிவிட்டு வந்தாள். "பேப்பர் ஈஸிதான் அண்ணா. உள்ள போறதுக்குத்தான் உயிர் போச்சு. போட்டோவப் பாக்குறாங்க, என் மூஞ்சியப் பாக்குறாங்க, இது நீதானான்னு மூணு வாட்டி கேட்டாங்க" என்றாள்.

போட்டோவை வாங்கிப் பார்த்தேன். ஸ்டூடியோவில் கம்ப்யூட்டரில் போட்டு முகத்தை மாவு பூசியது போல வெளுப்பாக்கி, கன்னத்து மச்சத்தையும் அழித்திருந்தார்கள். அவள் அப்படிக் கேட்கவில்லை. கேட்காமலேயே செய்து கொடுத்தது.

அடையாளப் போட்டோவில் நன்றாக இருப்பது என்றால், பார்த்த உடனே "இவர்தான்" என்று சொல்லும்படி தெளிவாக இருப்பது என்பது என் கருத்து. நிறத்தை மாற்றுவது கல்யாண ஆல்பத்திலேயே வேண்டாத வேலை. தேர்வு விண்ணப்பத்தில் அது ஆபத்தும் கூட. ஒரு வருட உழைப்பு, வாசலில் நிற்பவரின் சந்தேகத்தில் மாட்டிக்கொள்ளலாம்.

ஆனால் "போட்டோவில் ரொம்பக் கறுப்பாக விழுந்துவிடுகிறேன்" என்ற குறை பொய்யில்லை. ஆட்டோமேட்டிக் கேமரா, படத்தில் உள்ள வெளிச்சத்தின் சராசரியைப் பார்த்துத்தான் பொதுவாக எக்ஸ்போஷரைத் தீர்மானிக்கும். பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் வெளிச்சம் அதிகம் என்று கணக்குப் போட்டுக் குறைத்துவிடும். சுவர் சாம்பலாகும், கறுத்த முகம் இருட்டாகும். முகத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் போன்கள் இப்போது உண்டு. சாதாரண வெப்கேமராவில் இந்தத் தொல்லை அதிகம்.

இதற்குப் பழைய கதையும் உண்டு. 1950களிலிருந்து கோடாக் நிறுவனம் நிறம் சரிபார்க்க லேப்களுக்கு அனுப்பிய "ஷெர்லி கார்டு" மாதிரிப் படத்தில் பல காலம் வெள்ளைக்காரப் பெண்தான் இருந்தார். 2018ல் ஜாய் பூலம்வினி, டிம்னிட் கெப்ரு ஆகியோர், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று நிறுவனங்களின் சாஃப்ட்வேர்களைச் சோதித்தார்கள். வெளுத்த ஆண்களிடம் தவறு அதிகபட்சம் 0.8 சதவீதம். கறுத்த பெண்களிடம் 34.7 சதவீதம் வரை! திருத்த வேண்டியது கருவியை, நம் முகத்தை அல்ல.

சரி, என்ன செய்யலாம்? எங்கள் பகுதி வீடுகளில் பகலிலும் ட்யூப் லைட் எரியும். தலைக்கு மேலிருந்து விழும் வெளிச்சம் கண்ணுக்குக் கீழே நிழல் போடும். அதனால் காலையில் வாசலுக்கு வாருங்கள். வீடுகள் நெருங்கி நிற்கும் சந்தில் நேர் வெயில் இல்லாத நேரத்தில், எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் முகத்தில் சமமாக விழும். எதிர்ச் சுவர் பச்சை பெயிண்ட் என்றால் மட்டும் இடத்தை மாற்றுங்கள், முகமும் பச்சையடிக்கும்.

கதவில் வெள்ளை வேட்டியை மடிப்பில்லாமல் கட்டி, ஓர் அடி முன்னால் தள்ளி நில்லுங்கள். வெள்ளைச் சட்டை வேண்டாம், தோள் துணியோடு கலந்துவிடும். எடுப்பவர் ஐந்தடி தள்ளி, உங்கள் கண் உயரத்தில் போனைப் பிடிக்கட்டும். மிக அருகில் எடுத்தால் மூக்கு பெரிதாகத் தெரியும். திரையில் முகத்தின் மீது தொட்டு, வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டுங்கள்.

அடுத்து கம்ப்யூட்டர். வங்கித் தேர்வு நடத்தும் ஐபிபிஎஸ் 200க்கு 230 பிக்சல், 20 முதல் 50 கேபி என்று போட்டோ கேட்கிறது. போனில் எடுத்த படத்தை பெயிண்டில் திறந்து அப்படியே 200, 230 என்று அடித்தால் முகம் அகலமாக இழுபடும். முதலில் கிராப் செய்து அந்த விகிதத்துக்குக் கொண்டுவந்து, பிறகு ரீசைஸ் செய்யுங்கள். சேவ் ஆஸ் கொடுத்து வேறு பெயரில் ஜேபெக் ஃபைலாகச் சேமித்தால் ஒரிஜினல் பத்திரமாக இருக்கும்.

ஆதார் மையத்திலும் பாஸ்போர்ட் சேவா கேந்திராவிலும் போட்டோவை அங்கேயே எடுப்பார்கள். அங்கும் வெள்ளைச் சட்டையைத் தவிர்க்கலாம், வியர்வையைத் துடைத்துக்கொள்ளலாம். முகம் இருட்டாக இருந்தால் "இன்னொரு முறை எடுங்க சார்" என்று தயங்காமல் கேளுங்கள். பல வருடம் கூட வரப்போகும் முகம் அது.

ஸ்டூடியோவுக்குப் போனால் முதலிலேயே "டச்சப் எதுவும் வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள்.

அந்தத் தங்கையின் அடுத்த விண்ணப்பத்துக்கு அவள் வீட்டு வாசலிலேயே எடுத்தோம். மச்சம் பளிச்சென்று தெரிகிறது.