அழைப்பைத் திருப்பினால் உரியவருக்குச் சொல்ல வேண்டாமா?

2024 ஏப்ரல் 15 முதல் *401# வழியே அழைப்பைத் திருப்பிவிடும் வசதியை நிறுத்துமாறு தொலைத்தொடர்புத் துறை நிறுவனங்களுக்கு ஆணையிட்டது. மோசடியாளர்கள் அலைபேசி நிறுவன ஊழியர்போலப் பேசி, அக்குறியீட்டோடு தம் எண்ணையும் சேர்த்து அழுத்தச் செய்து, குரல்வழி வரும் ஓடிபியைக் கவர்ந்துவந்தனர். ஆணை தேவையானதே. ஆயினும் அது ஒரு வாயிலை மட்டுமே அடைத்தது என்பது என் கருத்து.

இன்றைய வோல்ட்டி அழைப்பும் இணைய நெறிமுறையில் இயங்கும் தொலைபேசிதான். 2002இல் வெளியான சிப் நெறிமுறையின்படி, அழைக்கப்படுபவரின் கருவியே 302 என்னும் விடையளித்து, அழைப்பை வேறு முகவரிக்கு அனுப்பச் சொல்லலாம். அலைபேசிச் சேவையில் பெரும்பாலும் நடப்பது வேறு. திருப்ப விதி நிறுவனத்தின் வழங்கியில் கிடக்கிறது. எல்லா அழைப்புகளையும் திருப்பும் விதியாயின், அழைப்பு கருவியைத் தொடாமலே அங்கிருந்து திரும்பிவிடுகிறது. கைபேசியை மாற்றினாலும் விதி மாறாது. அழைப்பவருக்கு 'திருப்பப்படுகிறது' எனத் தெரிவிக்க 181 என்றொரு செய்தி உண்டு. எண்ணுக்கு உரியவருக்கோ அந்த அடிப்படை நெறிமுறையில் ஒன்றுமில்லை! பின்னர் வந்த 3ஜிபிபி தரநிலை அவருக்கும் அறிவிக்க வழிசெய்தது. ஆனால் அவருடைய கருவி அதைக் கேட்டுப் பெற வேண்டும்.

நான் வாழும் செம்பூர் திலக் நகரில் பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டுத் தனித்திருக்கும் தமிழ் முதியோர் உண்டு. கைபேசி ஒருநாள் முழுதும் ஒலிக்காவிட்டால் அவர்கள் ஐயுறமாட்டார்கள். மகனுக்கு வேலை மிகுதி என்றே எண்ணுவார்கள். இந்த அமைதியைத்தான் மோசடியாளர் பயன்படுத்துகிறார். 'ஏமாந்தது அவர்கள் அறியாமை' என்று நம் பல்கலைக்கழக வட்டத்திலும் பேசுகிறோம். நெறிமுறை வகுத்தவர்களின் மறதியை யாரும் பேசுவதில்லை.

குறியீட்டைத் தடை செய்வதைவிட எளிய தீர்வு உண்டு. குரலழைப்பைத் திருப்பினாலும் குறுஞ்செய்தி உரிய எண்ணுக்கே வருகிறது. ஆகவே விதி மாறும் ஒவ்வொரு முறையும், எந்த எண்ணுக்குத் திருப்பப்பட்டுள்ளது என்பதை அவரவர் மொழியில் குறுஞ்செய்தியாக அனுப்புவதைக் கட்டாயமாக்கலாம். மருத்துவரும் சிறுவணிகரும் வசதியை இழக்க வேண்டியதில்லை.

அதுவரை, வீட்டு முதியோரின் கைபேசியில் *#21# அழுத்திப் பாருங்கள். அது எல்லா அழைப்புகளையும் திருப்பும் விதியை மட்டுமே காட்டும்; பேசிக்கொண்டிருக்கும்போது வருபவற்றுக்கு *#67#, தொடர்பெல்லைக்கு வெளியே இருக்கும்போது வருபவற்றுக்கு *#62#.