பூர்வீகம் எது தம்பி?

போன மாசம் இருக்கன்குடி போயிருந்தேன். வீட்ல எனக்குப் பொண்ணு பார்க்குற படலம் ஓடிக்கிட்டு இருக்கு (வயசு இருபத்தெட்டு, பொட்டி தட்டுற வேலை, வேறென்ன சொல்ல!). வந்தவங்க சம்பளத்தை விட அதிகமா விசாரிச்சது பூர்வீகத்தைத்தான். குலதெய்வம் எது, அப்பத்தா எந்த ஊரு, அவங்க ஆளுங்க யாரு...

அப்பா எனக்குக் கண்ணைக் காட்டினார். அப்பத்தா வேற சாதி. அறுபது வருஷமா வீட்டுக்குள்ள எல்லாருக்கும் தெரிஞ்ச ரகசியம். அவங்க கையால சோறு தின்னு வளர்ந்த நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்.

அந்த உறுத்தல்ல எனக்கு கொச்சி ஞாபகம் வந்துச்சு. முன்னாடி ஆபீஸ் நண்பர்களோட போனப்ப மட்டாஞ்சேரி யூத ஆலயத்தைப் பார்த்தேன். 1568-ல் கட்டினது. பேரு பரதேசி ஆலயம். நம்மூர்ல அது திட்டு. அங்கே வெளிநாட்டுலேர்ந்து வந்தவங்கன்னு அர்த்தம். ஸ்பெயின், போர்ச்சுகல்லேர்ந்து விரட்டப்பட்டு 16-ம் நூற்றாண்டுல வந்து சேர்ந்தவங்க அவங்கள்ல முக்கியமானவங்க.

அவங்களுக்குப் பல நூறு வருஷம் முன்னாடியே மலபார்ல யூதர்கள் இருந்தாங்க. சுமார் கி.பி. 1000-ல் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு 72 உரிமைகள் கொடுத்த செப்பேடு வட்டெழுத்துல இருக்கு. ஆனா பின்னாடி வந்தவங்க, "இவங்க கறுப்பு யூதர்கள், மதம் மாறின அடிமைகளோட வம்சம், பொண்ணு கொடுக்கவும் மாட்டோம், எடுக்கவும் மாட்டோம்"னுட்டாங்க. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டின கதைதான்!

இதுக்கு யூத மத நூல் என்ன சொல்லுது? எஸ்றா புத்தகம் அந்நிய மனைவிகளை அனுப்பிடச் சொல்லுது. ஆனா ரூத் புத்தகம்? தாவீது ராஜாவோட கொள்ளுப்பாட்டியே ஒரு மோவாபியப் பெண்ணுங்குது. எகிப்தை விட்டுக் கிளம்பினப்பவே கூடப் பல இனத்து மக்கள் போனாங்கன்னு யாத்திராகமம் சொல்லுது. கி.மு. 2-ம் நூற்றாண்டுல இதுமேயர்னு ஒரு இனமே யூத மதத்துக்கு மாற்றப்பட்டதா ஜோசிபஸ் எழுதியிருக்கார். ஏரோது ராஜா அந்த வழியில வந்தவர்தான். 12-ம் நூற்றாண்டுல மதம் மாறின ஒபதியா என்பவர், "எங்கள் பிதாக்களின் தேவனே"ன்னு நான் ஜெபிக்கலாமான்னு கேட்டப்ப, தாராளமா சொல்லுன்னு பதில் எழுதினார் பேரறிஞர் மைமோனிடிஸ்.

கொச்சி விவகாரமே 16-ம் நூற்றாண்டுல கெய்ரோவுக்குப் போச்சு. சடங்குப்படி முழுக்குப் போட்டுட்டா சம்பந்தம் பண்ணலாம்னு ரப்பி தாவீது இப்னு ஸிம்ரா பதில் அனுப்பினார். பரதேசிகள் கண்டுக்கலை. ஆக, மத சட்டம் திறந்துவிட்ட கதவை இழுத்துச் சாத்தினது நம்ம மண்ணோட சாதி வழக்கம்னுதான் எனக்குத் தோணுது.

பரதேசி வீடுகள்லேயே விடுதலையான அடிமைகளோட வாரிசுகள் நிலைமை இன்னும் மோசம். ஆலயத்துக்குள்ள பெஞ்சுல உட்காரக்கூடாது. அந்த வழியில பிறந்தவர்தான் வக்கீல் ஆபிரகாம் பராக் சாலேம் (1882-1967). சொந்த ஆலயத்துலேயே சத்தியாகிரகம் பண்ணினார். "யூத காந்தி"ன்னு பேரு. தடைகள் கொஞ்சம் கொஞ்சமா தளர்ந்துச்சு. பின்னாடி அவர் மகனே ஒரு "வெள்ளை" பரதேசிப் பெண்ணைக் கல்யாணம் பண்ணினார்.

"சின்னச் சமூகம், வேலி போடலைன்னா கரைஞ்சு போயிடாதா?"ன்னு கேட்கலாம். நியாயமான பயம்தான். ஆனா வேலிக்கு உள்ளே இருந்தவனையே வெளியாளுன்னு சொன்னா அது வேலி இல்லைங்க. 2016-ல் வந்த மரபணு ஆய்வு, கொச்சி யூதர்கள்கிட்ட மற்ற யூதர்களோட வம்சாவளியும் இருக்கு, உள்ளூர் வம்சாவளியும் இருக்குன்னு சொல்லுது. என்னைக் கேட்டா, ரத்தத்தைப் பிரிச்சுப் பார்க்காம இருந்தாலும் அவங்க யூதர்கள்தான். அத்தனை நூற்றாண்டா அந்த வேதத்தையும் ஓய்வுநாளையும் காப்பாத்தினவங்களை வேற என்னன்னு சொல்றது?

எங்க ஊர்ல அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுது. ஆடி கடைசி வெள்ளிக்கு வர்ற ஜனம் எந்தத் தண்ணி எந்த ஆத்துதுன்னு கேட்கிறதில்லை. ஆனா கல்யாணம்னா மட்டும் கேட்போம்.

அடுத்த தடவை யாராச்சும் கேட்டா அப்பத்தாவைப் பத்தி சொல்லிடப் போறேன்னு அப்பாகிட்ட போன்ல சொல்லிட்டேன். மூணு நாளா அவர் பேசலை. அப்பத்தாதான் போனை வாங்கி, "சாப்பிட்டியாய்யா?"ன்னு கேட்டாங்க.