டெஸ்ட் கிரிக்கெட்: பாடு யாருக்கு? பங்கு யாருக்கு?

பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தைப் பாருங்கள், பிசான அறுவடை முடிந்த வயல்களைப் பாருங்கள். மட்டையும் டென்னிஸ் பந்துமாக நம் பிள்ளைகள் ஆடாத இடம் கிடையாது. ஷிப்டு முடிந்து வரும் ஆலைத் தொழிலாளி முதலில் விசாரிப்பது ஸ்கோரைத்தான். ஒரு காலத்தில் வெள்ளைத் துரைமார்களின் பொழுதுபோக்காக இருந்த கிரிக்கெட், இன்று உழைக்கும் ஜனங்களின் ஆட்டமாகிவிட்டது. ஆகவே அதன் எதிர்காலமும் நம்முடைய விவகாரமே.

"டெஸ்ட் கிரிக்கெட் செத்துக்கொண்டிருக்கிறது, ஐந்து நாள் ஆட்டத்தைப் பார்க்க ஜனங்களுக்குப் பொறுமை இல்லை, சின்ன நாடுகளிடம் திறமையும் இல்லை" என்று கனவான்கள் சொல்கிறார்கள். இது உண்மைதானா?

2024 ஜனவரியில் பிரிஸ்பேனில் நடந்ததை நினைவுபடுத்திக்கொள்வோம். ஷமர் ஜோசப் என்ற இளைஞர், கயானா நாட்டில் படகில் மட்டுமே போகக்கூடிய பாரகாரா என்னும் குக்கிராமத்தில் பிறந்தவர். காவலாளி வேலை பார்த்தவர். அவர் 68 ரன் கொடுத்து 7 விக்கெட் வீழ்த்தினார். மேற்கிந்தியத் தீவுகள் 8 ரன் வித்தியாசத்தில் வென்றது. ஆஸ்திரேலிய மண்ணில் 1997-க்குப் பிறகு அந்த அணிக்கு அதுவே முதல் டெஸ்ட் வெற்றி. திறமை இல்லையென்று யார் சொன்னது?

அதே மேற்கிந்திய அணி 2025 ஜூலையில் கிங்ஸ்டனில் 27 ரன்னுக்குச் சுருண்டது. பதினெட்டே மாதத்தில் ஏன் இந்த நிலை? ஒரு வீரன் திடீரென்று முளைக்கலாம். ஓர் அணி அப்படி முளைக்காது. ஆலையில் அறுந்த நூலை ஒட்டுகிற கை ஒரே நாளில் பழகிவிடுவதில்லை. டெஸ்ட் ஆட்டமும் அப்படித்தான். உள்ளூர்ப் போட்டிகளும், நல்ல மைதானமும், பயிற்சியாளரும், ஆடுகிறவனுக்கு வருஷம் முழுவதும் கூலியும் வேண்டும். இதற்கெல்லாம் பணம் வேண்டும். பணம் எங்கே போகிறது?

சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் 2023-ல் ஒரு பங்கீட்டுக்கு ஒப்புதல் கொடுத்தது. 2024 முதல் 2027 வரையிலான வருமானத்தில், பத்திரிகைகளில் வெளியான கணக்கின்படி, இந்திய வாரியத்துக்கு 38.5 சதவிகிதம். இங்கிலாந்துக்கு 6.89, ஆஸ்திரேலியாவுக்கு 6.25. பல தீவு நாடுகள் சேர்ந்து ஆடும் மேற்கிந்தியத் தீவுகளுக்கு 4.58! அது மட்டுமல்ல. டெஸ்ட் தொடரின் டெலிவிஷன் வருமானம் போட்டியை நடத்தும் நாட்டுக்கே போகிறது. விருந்தாளி அணிக்கு அதில் பங்கு கிடையாது. ஷமர் ஜோசப்பின் பந்துவீச்சை உலகமே பார்த்தது. காசு ஆஸ்திரேலிய வாரியத்துக்குப் போனது.

களத்துமேட்டில் நெல் அளக்கும் கணக்கு நமக்குப் புதிதல்ல. மேல்வாரம் அளந்தது போக மிச்சம் எவ்வளவு என்பதைப் பொறுத்தே அடுத்த பூவுக்கு விதைநெல் உண்டா, இல்லையா என்பது. சின்ன வாரியங்கள் இன்று விதைநெல் இல்லாத குடியானவனின் நிலையில் நிற்கின்றன. 2017-ல் டெஸ்ட் தகுதி பெற்ற அயர்லாந்து, 2025-ல் ஆப்கானிஸ்தானுடன் நடத்தவிருந்த டெஸ்டைச் செலவு தாளாமல் கைவிட்டது. தென் ஆப்பிரிக்கா 2024 பிப்ரவரியில் நியூசிலாந்துக்கு இரண்டாந்தர அணியை அனுப்பியது. முதல்தர வீரர்கள் உள்நாட்டு 20 ஓவர் லீக்கில் இருந்தார்கள். அந்த லீக்கின் ஆறு அணிகளும் ஐ.பி.எல். அணி முதலாளிகளுடையவை! அதே தென் ஆப்பிரிக்கா பவுமா தலைமையில் 2025 ஜூனில் லார்ட்ஸ் மைதானத்தில் உலக டெஸ்ட் பட்டம் வென்றது. ஆனால் அடுத்து வந்த 2025-26 பருவத்தில் அந்த வீரர்கள் சொந்த மண்ணில் ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை.

"பணம் இந்தியாவிலிருந்துதானே வருகிறது? நமக்கு அதிகப் பங்கு வந்தால் நல்லதுதானே?" என்று சில நண்பர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் அந்தப் பணம் ஆட்டம் பார்க்கும் கோடிக்கணக்கான சாதாரண ஜனங்களை விளம்பரக்காரர்களிடம் காட்டிச் சம்பாதித்தது. எதிரே ஆட அணி இல்லாவிட்டால் எந்த ஆட்டத்தைக் காட்டி விற்பார்கள்? ஒரு கை தட்டினால் ஓசை வராது. பணத்தால் மட்டும் டெஸ்டில் ஜெயிக்கவும் முடியாது. 2024-ல் நியூசிலாந்திடம் 3 டெஸ்டும், 2025-ல் தென் ஆப்பிரிக்காவிடம் 2 டெஸ்டும் நாம் சொந்த மண்ணிலேயே தோற்றோம்.

இந்த நிலையில், அணிகளை மேல் அடுக்கு, கீழ் அடுக்கு என்று பிரிக்கும் யோசனை 2025-ல் மறுபடியும் கிளம்பியது. கீழே தள்ளப்படும் நாட்டுக்குப் பெரிய அணிகள் வராது, வருமானமும் வராது. பிறகு அது மேலே ஏறுவது எப்படி? இதே யோசனை 2016-ல் வந்தபோது இந்தியா, இலங்கை, வங்கதேச வாரியங்கள் எதிர்த்து நின்றன, யோசனை கைவிடப்பட்டது. சேர்ந்து நின்றால் தடுக்க முடியும் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

வீரர்களும் இதைக் காட்டியிருக்கிறார்கள். 2019 அக்டோபரில் வங்கதேச வீரர்கள் 11 கோரிக்கைகளை வைத்து வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்னணியில் நின்றவர் நட்சத்திர வீரர் ஷகிப் அல் ஹசன். உள்ளூர் ஆட்டக்காரர்களின் ஊதியம் மட்டுமல்ல, மைதானம் பராமரிக்கும் ஊழியர்களின் கூலியும் அந்தக் கோரிக்கைகளில் இருந்தது. மூன்றே நாளில் வாரியம் பெரும்பாலானவற்றை ஏற்றது.

டெஸ்ட் அணிகள் பிழைக்குமா என்பது ஜோசியம் பார்க்கும் விஷயமல்ல, பங்கீட்டு விஷயம். சர்வதேச வருமானத்தில் சின்ன நாடுகளின் பங்கை உயர்த்த வேண்டும். டெஸ்ட் தொடரின் டெலிவிஷன் வருமானத்தில் விருந்தாளி அணிக்கும் பங்கு வேண்டும். டெஸ்ட் வீரருக்கு எந்த நாடானாலும் குறைந்தபட்ச ஊதியம் வேண்டும். 2024 டிசம்பரில் சர்வதேச கவுன்சிலின் தலைமையை ஏற்றவர், இந்திய வாரியத்தின் செயலாளராயிருந்த ஜெய் ஷா. ஆகவே பெரும் பொறுப்பு நம் நாட்டின் மீதே விழுகிறது.

உள்நாட்டிலும் இதே நியாயம் வேண்டும். சேலம் சின்னப்பம்பட்டியில் கூலித் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்த நடராஜன், 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடினார். தாமிரபரணிக் கரையிலும் நடராஜன்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தோல் பந்தும், வலைப்பயிற்சியும், கட்டணமில்லாத மைதானமும் எங்கே? பல கோடி புரளும் ஆட்டத்தில் ஒரு பங்கு ஊர் மைதானத்துக்கு வரட்டும் என்று கேட்பது பிச்சையல்ல. ஆட்டத்தை வளர்த்த ஜனங்களின் குடிவாரம் அது!